நாலாவது மிதி

திரையில் கோடு மூன்று முறை துள்ளியது.

"வந்திருச்சு! யானை மிதிச்சிருச்சு!" என்று கைகொட்டினாள் தங்கை. பகல் சாப்பாட்டு நேரத்தில் துறை நூலகத்தைப் பூட்டிவிட்டு ஓடி வந்தவள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

யானை வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். ஆள் ஒட்டடைக் கம்பு மாதிரி இருப்பார். ஆனால் மலையில் கருவியைப் புதைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று காலை ஓங்கி மிதித்தாரென்றால், இங்கே பல்கலைக்கழகத்தின் புவி இயற்பியல் துறையில் கோடு திரையின் விளிம்பைப் போய் முட்டும். மாணவர்கள் வைத்த பெயர், வீட்டிலும் ஒட்டிக்கொண்டது.

மூன்று மிதி என்றால், கருவி வேலை செய்கிறது, நான் கிளம்புகிறேன் என்று அர்த்தம். அந்த உயரத்தில் கைபேசி எடுக்காது. காலால்தான் பேச வேண்டும்.

அக்கா திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே ஆய்வாளர். பூமியின் மேலோட்டில் அலைகள் எப்படி ஓடுகின்றன, மலைகள் எப்படி எழுந்தன, எப்படித் தேய்கின்றன என்று இந்தக் கோடுகளைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி தடித்துப்போனவள்.

மழையில் அந்த மலைச்சரிவு விரிசல் விட்டிருந்தது. சரிவின் அசைவைப் பக்கத்திலிருந்தே பதிந்துவந்த கருவியோ நேற்று ஊமையாகிவிட்டது. பேட்டரி மாற்ற யாராவது ஒருவர் ஏறித்தான் ஆக வேண்டும் என்றாயிற்று.

மாற்றிவிட்டார். இனி சரிவைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கத்துக் கெட்டிப் பாறையில் ஏறிவிட வேண்டும். அங்கே போய்விட்டால் இந்தச் சரிவு பெயர்ந்து விழுந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது.

கோட்டில் சின்னச் சின்ன முட்கள் முளைத்தன. காலடிகள்.

"நடக்குறாரு பாரேன்! என்னா வேகம்! வீட்டுல குப்பையக் கொட்டிட்டு வாங்கன்னா ஆமை மாதிரி போற மனுஷன்க்கா இது."

அக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொரு முள்ளும் முந்தியதைவிடக் குட்டையாகிக்கொண்டே வந்தது. தூரம் போகிறார். போ, தம்பி, போ. அவள் உதடுகள் மட்டும் அசைந்தன.

முட்கள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சிறுத்தன. பாறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

அங்கே நின்றுவிட்டன.

கோடு கொஞ்ச நேரம் வெறுமனே ஓடியது.

மறுபடியும் முட்கள். இந்தத் தடவை வளர்ந்துகொண்டே வந்தன.

"அய்யய்யோ, திரும்பி வர்றாருக்கா!" தங்கைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எனக்கு மிதிக்க மறந்துட்டாரு!"

அதென்ன என்கிறீர்களா? மூன்று மிதி ஆபீசுக்கு. நாலாவது பெண்டாட்டிக்கு. கல்யாணமான புதிதில் ஆரம்பித்த விளையாட்டு. போன தடவை அவர் மறந்துவிட்டு இறங்கிவர, இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. துறையே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

"வேண்டாம்," என்றாள் அக்கா, திரையைப் பார்த்து. தங்கை காதில் அது விழவில்லை.

கோடு எகிறியது. ஒரே ஒரு தடவை. முதல் மூன்றையும்விட உயரமாக.

தங்கை எழுந்து நின்று தானும் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். மேசைமேல் இருந்த தேநீர்க் கோப்பை குலுங்கியது. உடனே வெட்கம் வந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பினாள். அறையில் வேறு யாருமில்லை. பேராசிரியர் வெளியே தாழ்வாரத்தில் தொலைபேசியில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

"அவரு பாறைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன்க்கா. நூலகம் எங்கயும் ஓடிப்போயிடாது."

நாற்காலியை இழுத்து, அக்காவின் தோளோடு தோள் ஒட்டப் போட்டுக்கொண்டாள்.

அக்கா தலையசைத்தாள். வேறென்ன செய்வாள், பாவம். திரையை அணைத்தால் ஏன் என்று கேட்பாள். அணைக்காவிட்டால் பார்ப்பாள்.

மேலே இருக்கும் கருவியின் கோடு செயற்கைக்கோள் வழியாக, ஆற அமர, முக்கால் மணி நேரம் பிந்தித்தான் இந்தத் திரைக்கு வரும் என்பது தங்கைக்குத் தெரியாது. அடிவாரத்துக் கருவிதான் கம்பி வழியே அப்போதைக்கப்போது சொல்லும். மலைச்சரிவு மொத்தமும் இறங்கிவிட்டதென்று அது கறுப்பாக எழுதிக்காட்டி அரை மணி நேரத்துக்கு மேலாகிறது. வாசலில் தங்கையின் செருப்புச் சத்தம் கேட்டதும் அக்கா அவசரமாக அணைத்தது அந்தத் திரையைத்தான்.

முட்கள் திரும்பி வரும்வரை அக்காவுக்கு ஒரு நப்பாசை இருந்தது. சரிவு இறங்குவதற்குள் பாறையில் ஏறியிருப்பார் என்று. போனது போலவே போயிருந்தால் ஏறியும் இருப்பார். திரும்பி வந்தவருக்கு நேரம் பத்தாது. எத்தனை விதமாகக் கணக்குப் போட்டாலும் பத்தாது.

முட்கள் மறுபடி சிறுக்கத் தொடங்கின. தங்கை ஒவ்வொரு எட்டுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சரிவு இந்தத் திரைக்கு வந்து சேர இன்னும் சற்று நேரம் இருந்தது.

அதுவரை அவர் நடப்பார்.