கல்லுக்கடியில் காவல்

ஓடை உளுவை மீன்களுக்குத் தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டும் என்று, தொட்டியில் ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டாள் மருமகள். பிரசவ விடுப்பு முடிந்து நாளை வேலைக்குத் திரும்புகிறாள்.

கல்லுக்கடியில் கிடந்த மீனைக் காட்டினார் மாமியார். “பாரு, ஒரு வாரமா முட்டையைவிட்டு நகரலை, இரையும் எடுக்கலை. வாயில்லா ஜீவனுக்கே இவ்வளவு பாசம். நீ என்னடான்னா பச்சைக் குழந்தையை ஆயாகிட்ட விட்டுட்டுக் கிளம்புறே!”

மருமகள் சிரித்தாள். “முட்டை போட்டவ அதோ, ஜாலியா எதிர்நீச்சல் போட்டுக்கிட்டிருக்கா அத்தை. இது அப்பா. இந்த மீன்ல முட்டையைக் காக்கிறது ஆம்பளை வேலை.”

மாமியார் தொட்டிக் கண்ணாடியில் மூக்கு முட்ட உற்றுப் பார்த்தார். பிறகு சோபாவில் செல்போனும் கையுமாகக் கிடந்த மகனிடம் திரும்பினார்.

“டேய், போனை வை. அவ போகட்டும். நாளையிலேருந்து நீ லீவு போடு!”