உதவிப் பொத்தான்

"ஐயோ, மூட மூட முளைக்குதே! அவர் மாடிப்படி ஏறிட்டாரா பாரு!"

"ஏறிட்டார். நீ பதறாம மூடு" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. பம்புகளை ஓட்டிச் சோதிப்பது அவள் வேலை.

அதற்கான நிரலை எழுதுவது அவன் வேலை. எழுதுவது என்று பேர்தானே ஒழிய, எழுத்தே கிடையாது. திரையில் பெட்டி பெட்டியாக வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுத்தால் முடிந்தது. 'உதவி' பொத்தானை அழுத்தினால் பம்பின் கையேடு திரையில் விரிய வேண்டும். அதைப் பார்க்கத்தான் முதலாளி வந்துகொண்டிருந்தார்.

விரிந்ததோ கல்யாணப் பத்திரிகை! அவனும் அவளும் ஆசைக்காக ரகசியமாகச் செய்து வைத்திருந்தது. இரண்டும் கணினியில் ஒரே இடத்தில் கிடந்ததால் கையேட்டுக்குப் பதில் இது வந்துவிட்டது போலும். பெண் வீட்டில் பேச ஒரு வருஷமாக அவனுக்கு வாயே வரவில்லை. அதனால் தேதி மட்டும் காலி.

அதுவும் ஒன்றோடு நின்றதா? சுழல் பெட்டி என்று ஒன்று உண்டு. அதற்குள் எதைப் போட்டாலும், நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப நடக்கும். கையேட்டைத் திறக்கும் பெட்டி எப்படியோ அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

"நிறுத்துற பொத்தான் எங்க?"

"பத்திரிகைக்கு அடியில!"

"கரண்டைப் பிடுங்கிடறேன்!"

"வேணாம்! பம்பு ஓடுது. காலையிலேர்ந்து எடுத்த அளவெல்லாம் போயிடும்!" அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்கிறியா? இன்னிக்கே என் சீட்டு கிழியப்போகுது. வேலை இல்லாதவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

கதவு திறந்தது. அவன் இரண்டு கைகளையும் விரித்துத் திரையை மறைத்து நின்றான்.

"நகருப்பா" என்று முதலாளி அவனைத் தள்ளிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு பத்திரிகையைப் படித்தார். அது முடிவதற்குள் இன்னொன்று வந்தது. அதையும் படித்தார்.

"எல்லாத்துலயும் இதே தப்புதானா?"

"சார்... கம்பி மாறிப்போச்சு சார்..."

"கம்பியை விடுப்பா. மணமகளின் தந்தைன்னு என் பேரைப் போட்டிருக்கீங்களே, முன்னாடி ஒரு 'திரு' போட மனசு வரலியா?"

"இதோ போட்டுடறேம்ப்பா" என்றாள் அவள்.

"தேதி இப்போதைக்குக் காலியாவே இருக்கட்டும். உங்கம்மாவைக் கேட்டுட்டு வரேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார் முதலாளி.

அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தோஷத்தில் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தவன் சட்டென்று நின்றான்.

"ஆமா, நேத்து அந்தக் கையேட்டுப் பெட்டியைச் சுழலுக்கு வெளியிலதானே வச்சேன்?"

அவள் நிதானமாக 'நிறுத்து' பொத்தானைத் தேடி அழுத்தினாள்.

"பத்திரிகை ஒரே ஒரு தடவை திறந்திருந்தா நீ மூடியிருப்பே. அதான் உள்ளே இழுத்து விட்டேன்."