வசனத் திருடி

"அந்தம்மாவைத் தூக்கிட்டு வேற ஆளைப் போடப்போறேன்" என்றார் இயக்குநர்.

நாடகம் முடிந்து, ஒப்பனை அறையில் ஒட்டு மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்த கதாநாயகரின் கை பாதி மீசையோடு நின்றது. குழுவில் அவருக்கு ராஜபார்ட் என்று பெயர். எழுபதைத் தாண்டிவிட்டார், அவரைக் கேட்டால் அறுபது என்பார்.

"யாரை? என் பொண்டாட்டியையா?"

மேடைப் பொண்டாட்டி. இருபது வருஷமாக எந்த நாடகம் போட்டாலும் அவருக்கு அந்த அம்மாள்தான் ஜோடி. வெளியே வந்தால் அவரவர் வீடு, அவரவர் குடும்பம். குழுவில் மற்றவர்களுக்கெல்லாம் அந்த அம்மாள் 'அக்கா'.

"ஆமாண்ணா. இன்னிக்கு என்ன பண்ணாங்கன்னு பார்த்தீங்கல்ல?"

அரங்கமே பார்த்தது. 'என் உயிர் இருக்கிறவரைக்கும் இந்த வீட்டை விக்க விடமாட்டேன்' என்று மேசையைத் தட்டிக் கத்த வேண்டியவர் ராஜபார்ட். தேம்பித் தேம்பி அழ வேண்டியவர் அக்கா. ராஜபார்ட் வாயைத் திறப்பதற்குள் அக்கா மேசையில் ஓங்கி ஒன்று போட்டு, அந்த வசனத்தை முழுசாகப் பேசி முடித்துவிட்டார்.

"அதேதான்! நான் சொல்ல வந்ததை இவ சொல்லிட்டா, கேட்டுக்கோங்கடா!" என்று சமாளித்தார் ராஜபார்ட். அப்புறம் அழுவதற்கு ஆள் இல்லாமல் போகவே, அந்த அழுகையையும் அவரே அழுது தீர்த்தார்.

"கை தட்டினாங்களே, தம்பி?"

"தட்டினது உங்களுக்கு. அந்தம்மா வசனத் திருடிண்ணா. எழுதிக் கொடுத்தது பத்தாம உங்களுதையும் பிடுங்கிப் பேசறாங்க."

"தப்பு என்மேல. எனக்குத்தான் மறந்துபோகுது" என்றபடி ராஜபார்ட் தன் மருந்துப் பையைத் திறந்தார்.

அந்தப் பை குழு முழுக்கப் பிரசித்தம். வல்லாரை மாத்திரை, பிரமிப் பொடி, மீன் எண்ணெய் மாத்திரை, பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு மரத்து இலைச் சாறு. "மூளைக்கு வயசாயிடுச்சுப்பா" என்று தண்டோரா போட்டுவிட்டுத்தான் விழுங்குவார். தனியாகவும் விழுங்கமாட்டார், துணைக்கு ஒருவர் கூடச் சாப்பிட வேண்டும்.

விளக்குக்காரர் கொஞ்ச நாள் துணைக்கு இருந்து பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டார். "என்னை விட்டுடுங்கண்ணா. மாமியார் என்னைத் திட்டினதெல்லாம் ஒண்ணு விடாம ஞாபகத்துக்கு வருது."

கடைசியில் மாட்டிக்கொண்டவர் அக்கா. "இந்த மனுஷனோட ஒரே ரோதனை" என்று முணுமுணுத்துக்கொண்டே தினமும் எதிரில் உட்கார்ந்து விழுங்குவார்.

இயக்குநர் குழுவுக்குப் புதுசு. கோபத்தில் முடிவெடுத்துவிட்டு, அது சரிதானா என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிற ரகம். மறுநாள் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, நேராவே கேக்கறேன். அண்ணன் வசனத்தை நீங்க எதுக்குப் பேசறீங்க?"

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வெளியில சொல்லிடாதீங்க. பாவம், அவருக்குச் சுத்தமா ஞாபகம் நிக்கறதில்லை. 'நான் முழிச்சேன்னா நீ எடுத்துவிடும்மா'ன்னு எங்கிட்ட அவரே கேட்டுக்கிட்டார். அதான், வாய்க்கு வந்ததை நான் முந்திக்கிட்டுப் பேசிடறேன்."

"உங்களைத் தப்பாப் பேசறாங்களேக்கா. நானே பேசினேன்."

"பேசிட்டுப் போங்க. மேடையில ராஜா மாதிரி நின்னவர், இந்த வயசுல பேந்தப் பேந்த முழிச்சா நல்லாவா இருக்கு?"

ஒரு நல்ல மனுஷியைத் திருடி என்று சொன்ன வாயை எதைக் கொண்டு கழுவுவது?

"நீங்களே நடிங்கக்கா" என்றார் இயக்குநர்.

அதோடு விட மனம் வரவில்லை. பெரியவருக்குத் தானே வசனம் பழக்கிவிட்டால் அக்காவின் பாரம் குறையுமே! அன்றைக்குச் சாயங்காலமே காலி மேடையில் இரண்டு நாற்காலியைப் போட்டு ராஜபார்ட்டை உட்காரவைத்தார்.

"அக்கா பேசவேண்டியதை நான் படிக்கறேன். நீங்க அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்கண்ணா. மறந்தா பரவாயில்லை."

ராஜபார்ட் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது வசனம். நடுவில் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, ரெண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிட்டே. இந்த இடத்துல அவ என்னைப் பார்த்து 'சாவி எங்கே வச்சீங்க'ன்னு கேக்கணும்."

இயக்குநர் தாளைத் திருப்பிப் பார்த்தார். கேட்கத்தான் வேண்டும்.

அதற்கப்புறம் இயக்குநருக்கு வேலையே இல்லை. தன் வசனம், அக்கா வசனம், மகன் வசனம், வாசல் மணிச் சத்தம் வரைக்கும் ராஜபார்ட் ஒருவரே பேசி, திரை விழும் இடத்தில் நிறுத்தினார்.

"அண்ணா! உங்களுக்கு ஒரு எழுத்துகூட மறக்கலையே! பின்னே எதுக்கு ஊரெல்லாம் மறதி மறதின்னு..."

"கத்தாதே தம்பி."

ராஜபார்ட் பக்கத் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். தூரத்தில் அக்கா, விளக்குக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எது தன் வசனம், எது என் வசனம்னு கொஞ்ச நாளா அவளுக்குத்தான் புரிபடலை. நேராச் சொன்னா அன்னிக்கே உடைஞ்சு, நடிப்பை விட்டுட்டு மூலையில உட்கார்ந்துடுவா."

திரையை மெதுவாக இழுத்து மூடினார்.

"மாத்திரை அவளுக்கு வேலை செய்யுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது தம்பி. எனக்குத்தான் மறதின்னு சொன்ன பொய் நல்லா வேலை செய்யுது."