கூவினால் ரெண்டு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு பிள்ளைப்பாக்கம் லைன் வீடுகளின் முன்னால் ரகுபதியின் மொபெட் வந்து நிற்கும். பின்னால் கூடை நிறைய நாட்டுக்கோழிக் குஞ்சுகள்.

"அத்தினியும் பெட்டை. வளந்து சேவலாப் பூட்டா திருப்பிக் குடுங்க. ஒண்ணுக்கு ரெண்டு குஞ்சு தர்றேன்" என்பார்.

செந்தாமரைக்கு அதைக் கேட்டதும் ஒரு யோசனை வந்தது. குஞ்சைப் பார்த்தே சேவலா பெட்டையா என்று சொல்லிவிடுவாள் அவள். கூடைக்கு மேல் ஒரு துண்டை உதறினால் பெட்டைக் குஞ்சு பம்மி ஓரமாக ஒதுங்கும். சேவல் குஞ்சு கழுத்தை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி முறைக்கும்.

"வேணும்னே சேவலாப் பாத்து எடுத்தா இன்னா?" என்று கணவன் மோகனிடம் கேட்டாள். "ரெண்டு நாலாவும், நாலு எட்டாவும். அப்புறம் பெட்டையாப் பொறுக்கி முட்டை வியாபாரம் பண்ணலாம்."

ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்த மோகன் கொட்டாவி விட்டான். "அந்த ஆளு பாவம்."

செந்தாமரை காதில் வாங்கவில்லை. முறைத்த குஞ்சுகளில் இரண்டை வாங்கி வந்து, மோகனின் கம்பெனி கேன்டீனில் மிஞ்சிய சோறு, அரிசி நொய் எல்லாம் போட்டு வளர்த்தாள்.

நாலாம் மாதம் இரண்டும் கூவின. அவளுக்குத் தன் கண்மேல் கர்வமே வந்துவிட்டது. லைன் வீடுகளின் சொந்தக்காரர் கோபால் அன்றே வந்து நின்றார். "கோழி வளத்துக்கோ, சேவல் வாணாம். ராத்திரி வேலைக்குப் போறவங்க காலைல தூங்க வாணாமா?"

வளர்த்ததைக் கறிக்கடைக்குக் கொடுக்கவும் அவளுக்கு மனசில்லை. ரகுபதியிடம் நீட்டினாள். அவர் முகம் வாடிப்போனது.

"எங்கியோ தப்பு பண்ணிட்டேம்மா. பரவால்ல, ஊர்ல தோப்பு கீது, அங்க வுட்டுடறேன்" என்று சொல்லி நாலு குஞ்சு கொடுத்தார். அந்த நாலையும் அவளே துண்டை உதறிப் பொறுக்கினாள். நாலும் கூவின. அதற்குக் கிடைத்த எட்டும் கூவின.

எட்டையும் அவள் கால் கட்டி எடுத்துப்போன ஞாயிற்றுக்கிழமை, ரகுபதி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். செருப்பு வார் அறுந்து, ஊக்கு போட்டிருந்தார்.

"கண்ணு மங்கிடிச்சு போலக் கீது. இந்தத் தொழிலே வாணாம்னு பாக்கறேம்மா."

செந்தாமரை அவசரமாகக் குறுக்கிட்டாள். "உங்க மேல தப்பு இல்லண்ணே. நான்தான் வேணும்னே சேவலாப் பாத்து எடுத்தேன். மன்னிச்சிருங்க. எனக்குக் குஞ்சு எதுவும் வாணாம்."

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டாள். ரகுபதி சிரித்தார்.

"மனசுல வச்சிக்காம சொன்னியே, அது போதும். ஆனா நான் குடுத்த வாக்கு வாக்குதான். பதினாறையும் இந்தத் தடவ நானே பொறுக்கித் தர்றேன்."

ஒவ்வொரு குஞ்சாகத் திருப்பிப் பார்த்து அவள் முறத்தில் எடுத்து வைத்தார். மொபெட் திரும்பும்வரை அவள் கும்பிட்டபடியே நின்றாள்.

மதியம் ஸ்ரீபெரும்புதூரில், தன் பிரியாணிக் கடையின் பின்கட்டில் நாகப்பன் எட்டுச் சேவல்களையும் தராசில் வைத்தார்.

"நல்லா தீனி தின்ன உடம்பு. எப்பவும் சேவலாவே எடுத்துனு வர்றியே, ஒரு பெட்டைகூடத் தப்பி வராதா?"

"குஞ்சுப் பண்ணைல பதினெட்டு வருசம் சேவல், பெட்டை பிரிச்சவன் நான். என் கூடையில பெட்டை எப்படி வரும்?" என்றார் ரகுபதி. "வளக்கறதுக்குத்தான் நல்ல ஆளா அமையணும். இன்னிக்கு ஒரே வூட்ல பதினாறு வுட்டுட்டு வந்துகீறேன்."