இடுப்பளவு ஜப்பான்

“ஓம் சித்தப்பா, ஜப்பானிலதான் நிக்கிறம்,” என்றான் கிஷோபன் கைபேசியில். “மா அரிச்சுக் கொட்டின மாதிரி இடுப்பளவு பனி. விடிஞ்சதிலயிருந்து ஸ்கீதான்.”

“சாப்பாடு?”

“இந்த ஊர் நூடுல்ஸ் சூப்.”

மனைவி சிவகலா ஆவி பறக்கும் கோப்பையை நீட்டினாள். சித்தப்பாவுக்குக் கேட்கும்படி ஓர் உறிஞ்சு உறிஞ்சினான்.

“அங்க இப்ப இரவோ?”

“ஓம், எட்டு மணி.”

அந்த நேரம் பார்த்து, சுவிஸ் நாட்டு எங்கடின் பள்ளத்தாக்கின் தேவாலய மணி பகல் பன்னிரண்டு அடித்தது. கிஷோபன் பாய்ந்து தன் வீட்டுச் சன்னலைச் சாத்தினான். போன மாரியில் ஸ்கீ விளையாட வந்த சித்தப்பா குடும்பம் பதினேழு நாள் தங்கிவிட்டுத்தான் போனது.

“என்ன மணி அது?”

“இங்கத்தைக் கோயில் மணி, சித்தப்பா.”

“நல்லம். அப்ப உங்கட வீடு சும்மாதானே கிடக்கு? நாங்கள் நாலு பேரும் பீல் நகரத்தில இருந்து வந்திட்டம். தபால்பெட்டிக்குக் கீழ பால்பெட்டிக்குள்ள நீ வழமையா வைக்கிற திறப்பையும் எடுத்தாச்சு.”

வாசற்கதவின் பூட்டில் திறப்பு கறகறவென்று திரும்பியது. கதவு அசையவில்லை.

“கிஷோ,” என்றார் சித்தப்பா ஆறுதலாக, “ஜப்பான் உள்ளுக்குப் பூட்டியிருக்கு. வந்து திற.”