நாற்பத்தேழாம் நம்பர் வண்டி

"பதறாம சொல்லுங்க. மூச்சு வருதா, இல்ல அசைவே இல்லையா?"

"இருமுதுக்கா. ரெண்டு தடவை இருமிட்டு அடங்கிப்போயிடுது."

அவள் டாக்டர் இல்லை. அங்கே படுத்துக் கிடந்தது நாற்பது டன் டேங்க். போர்முனையில் வண்டி நின்றுபோனால் கூப்பிட ஒரு எண் உண்டு. ஒவ்வொரு டேங்கிலும் டிரைவர் சீட்டுக்கு மேலே அதை ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். அதை அடித்தால் இந்த அறையில் மணி ஒலிக்கும். பன்னிரண்டு மேஜை, பன்னிரண்டு ஹெட்போன், பட்டறையில் கை கறுத்த பன்னிரண்டு பேர்.

"வண்டி நம்பர் சொல்லு."

"நாற்பத்தேழு."

அவள் பேனா ஒரு நொடி நின்றது. ஆற்றுப் பாலத்தில் மாட்டிக்கொண்ட பதினெட்டுப் பேரைத் தன் மறைவில் கூட்டிவரப் புறப்பட்ட வண்டி அதுதான். பதினெட்டில் ஒருவன் அவள் கூடப் பிறந்த தம்பி.

பேர் கேட்கக் கூடாது என்பது இங்கே விதி. வண்டி நம்பர், கோளாறு, அவ்வளவுதான். ஆரம்பத்தில் விதியை மீறி விசாரித்துக்கொண்டுதான் இருந்தாள். போன மாதம் ஒரே வண்டியிலிருந்து மூன்று வேறு வேறு குரல்கள் வந்தன. அதற்குப் பிறகு, முந்தின குரல் என்ன ஆயிற்று என்று கேட்பதையே விட்டுவிட்டாள்.

இத்தனைக்கும் சண்டை ஆற்றுக்கு அக்கரைக்காரர்களோடு. போன வருஷம் வரை பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அதை நினைத்தாலும் இப்போது அவளுக்கு அழுகை வருவதில்லை. வேளாவேளைக்குப் பசி மட்டும் எடுத்தது; அதுதான் வெட்கமாக இருந்தது.

"டீசல் லைன்ல காத்து புகுந்திருக்கு தம்பி. டூல் பாக்ஸ்ல இருந்து சின்ன ஸ்பேனரை எடு."

மறுமுனையில் தகரம் உருளும் சத்தம். "டூல் பாக்ஸ் எங்கக்கா இருக்கு?"

"சரியாப் போச்சு. வண்டிக்கு வெளிய, இடது பக்கம், மூடி போட்ட பெட்டி. இதுகூடவா தெரியாது?"

"வண்டி புதுசுக்கா எங்களுக்கு."

"மூணு நாள் டிரெயினிங் குடுத்து ஏத்தி விட்டா இப்படித்தான்" என்று பின்னால் நின்ற சூப்பர்வைசர் முணுமுணுத்தார்.

"ஃபில்டர் தலையில ஒரு ஸ்க்ரூ இருக்கும். ரெண்டு சுத்து தளர்த்து, கழட்டிடாதே. இப்ப கைப் பம்பை அடி."

"நுரையா வருதுக்கா."

"நுரை நின்னு சுத்தமா டீசல் வர்ற வரைக்கும் அடி."

"கை விட்டுப்போச்சு."

"பக்கத்துல இருக்கறவன் என்ன வேடிக்கை பார்க்கவா வந்தான்? அவன்கிட்ட குடு."

ஐந்து நிமிடம் பம்ப் சத்தமும் மூச்சிரைப்பும்தான் கேட்டன. "ஸ்க்ரூவை முறுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணு" என்றாள். இருமியது, இன்னொரு தரம் இருமியது, பிறகு ஹெட்போன் அதிர உறுமியது. அடுத்த மேஜைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க கை நல்லா இருக்கணும்க்கா."

இடம் கேட்பதும் விதிப்படி தப்பு. இன்றைக்குக் கேட்டாள். "பாலத்துக்குத்தானே போறீங்க?"

சற்றுத் தயங்கியே பதில் வந்தது. "ஆமாக்கா. பாலத்துக்குத்தான்."

"சீக்கிரம் போங்க. அங்க நம்ம ஆளுங்க இந்த வண்டிக்காகத்தான் காத்துட்டிருக்காங்க."

"அப்படியாக்கா" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

நாற்பத்தேழுக்கு எதிரே 'ஓடுகிறது' என்று எழுதினாள். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு நெஞ்சில் ஏதோ இளகியது. அழுதுவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். அவளுடைய சொந்த போன் அடித்தது. மூன்று நாளாக எடுக்காத தம்பியின் நம்பர்.

"அக்கா, நாற்பத்தேழாம் நம்பர் பாலத்தைப் பார்த்து வந்துட்டிருக்கு. கண்ணுக்குத் தெரியுது. அதை யாரு ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தது?"

"நான்தான்டா" என்றாள். "பேசிட்டு நிக்காதே. எல்லாரும் அது பின்னாடியே வந்து சேருங்க."

எஞ்சின் உறுமல் மட்டும் போனில் நெருங்கி நெருங்கி வந்தது.

"அக்கா, அந்த வண்டி டிரைவர் காலையிலயே, அக்கரைக்காரங்க நெருங்கினதும், நின்னுபோன வண்டியை விட்டுட்டு நடந்து வந்துட்டான். இப்ப என் பக்கத்துலதான் நிக்கிறான்."