பரிவுக்குத் தொண்ணூற்றெட்டு

“எப்பலேருந்து நெஞ்சு வலிக்குது?” நர்சிங் படிக்கும் மகள் குழைந்து குழைந்து கேட்டாள்.

“மூணு வாரமா. சொன்னா யாரு காதுல வாங்கறாங்க?”

“நான் இருக்கேன்ல? நிதானமா சொல்லுங்க.”

“இடது கை வரைக்கும் இழுக்குது, கண்ணு.”

“பயப்படாதீங்க, பக்கத்துலயே இருப்பேன்.”

கம்ப்யூட்டர் திரையில் ஏஐ நோயாளி மறைந்து, ‘பரிவு: 98’ என்று வந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இவளுக்கு இப்படியெல்லாம் பேச வருமா? நெஞ்சைத் தடவிக்கொண்டே மெல்ல வாயைத் திறந்தாள்.

“எனக்கும் இப்படித்தான்டி இழுக்குது. நானும் மூணு வாரமா சொல்லிட்டுத்தானே...”

“ஐயோ, சும்மா இரும்மா! அடுத்த பேஷன்ட் வரப்போகுது. உன் சத்தம் மைக்குல விழுந்தா மார்க் போயிடும்.”

அம்மா அப்புறம் சத்தமே போடவில்லை, கூடத்தில் சரிந்து விழுந்தபோதும்கூட.